மாடி வீட்டு பீரோ

முனிச்சாலை, மதுரை
10.6.2024

சௌ. வித்யாஸ்ரீக்கு,

அப்பாவின் அநேக ஆசிகள். இங்கே நான் சௌக்கியம், முட்டி வலிகூட என்னை மறந்துவிட்டது. மேகமலையில் உன்னை அட்டைகள் ரொம்பக் கடிக்கவில்லையே? செல்போன் எடுக்காத காட்டில் தவளை ஆராய்ச்சி வைத்த புண்ணியவானால் நானும் இந்த வயசில் பேனா பிடித்துவிட்டேன்.

விஷயத்துக்கு வருகிறேன், கை துறுதுறுக்கிறது. நம் கூடத்து டீப்பாயில் நீளமாக ஒரு கீறல் இருந்ததே, நீ ஒன்பதாவது படிக்கும்போது காம்பஸ் பெட்டியை இழுத்துப் போட்டது, அது போயே போய்விட்டது! ஒரு அக்ரூட் பருப்பு, அம்புட்டுத்தான். பருப்பை உடைத்து, மரத்தின் ரேகை போகிற வழியிலேயே தேய்த்து, கொஞ்ச நேரம் ஊறவிட்டு, பழைய வேட்டித் துணியால் துடைத்தேன். கீறலைக் காணோம். ஜன்னலைத் திறந்து வெளிச்சத்தில் தேடினேன், அப்போதும் கிடைக்கவில்லை. தனியாக நின்று கைதட்டினேன் என்றால் நம்புவாயா?

அதற்கப்புறம் சும்மா உட்கார முடியுமா? ஆழமான கீறலுக்கு மெழுகு கிரேயானை உருக்கி விட்டு, காலாவதியான ஏடிஎம் கார்டால் வழித்தெடுத்தேன். வெளுத்துப்போன ஸ்டூல் காலுக்கு காபி டிகாஷன் பூசினேன். சாப்பாட்டு மேசையில் அம்மிக்குழவி விழுந்த பள்ளத்தின் மேல் ஈரத்துணி போட்டு இஸ்திரிப் பெட்டியை வைத்தேன். ஆவி பட்டதும் மரம் உப்பி மேலே வந்துவிட்டது. மின்வாரியத்தில் முப்பத்தைந்து வருஷம் குப்பை கொட்டினேனே, இந்தச் சந்தோஷம் ஒருநாளும் கிடைத்ததில்லை. இப்போது என்ன கஷ்டம் என்றால், வீட்டில் கீறல் தீர்ந்துவிட்டது.

ஆனால் கேள். காலியாகக் கிடந்த நம் மாடிக்கு நேற்று குடிவந்துவிட்டார்கள். சூடாமணி என்று ஒரு அம்மாள், ஒற்றை ஆள்தான், கல்யாணம் செய்துகொள்ளவில்லை. பரமக்குடிக்காரர், நம்மைப் போலவே சௌராஷ்டிரா, ஆனால் வாயில் தமிழ்தான் சரளமாக வருகிறது. துணியில் மணி கோத்துத் தைக்கிற ஆரி வேலை வகுப்பு நடத்தப் போகிறாராம். லோடு ஆட்டோ மருது அந்தச் சாமான்களை நம் குறுகல் படியில் இழுத்த இழுப்பில் ஒன்றுகூடத் தப்பவில்லை. அம்புட்டும் கீறல்! எனக்கு என்ன சந்தோஷம் தெரியுமா?

அட்டை ஏறாமல் காலுறையில் உப்புத் தடவிக்கொள்ள மறக்காதே.

அன்புள்ள அப்பா,
ராதாகிருஷ்ணன்


மேகமலை முகாம்
24.6.2024

அன்புள்ள அப்பாவுக்கு,

வித்யாவின் நமஸ்காரம். நான் நலம், அட்டைகளும் என் புண்ணியத்தில் நலம். மழை பிடித்துக்கொண்டது, தவளைகள் தொண்டை கிழியக் கத்துகின்றன. ஜீப் ஓட்டும் சுருளி அண்ணன் வாரம் ஒருமுறை எஸ்டேட்டிலிருந்து தபால் கொண்டுவருகிறார். உங்கள் கடிதத்தைக் கொடுக்கும்போது, "என்ன பாப்பா, உறையெல்லாம் காப்பி வாசம்?" என்றார்.

டீப்பாய்க்கு என் வாழ்த்துகள். ஆனால் அடுத்தவர் வீட்டுக் கீறலைப் பார்த்துச் சந்தோஷப்படும் வீட்டுக்காரரை நான் இப்போதுதான் பார்க்கிறேன். எதுவானாலும் அவர்களைக் கேட்டுவிட்டுச் செய்யுங்கள். நீங்கள் ஆர்வக்கோளாறில் ஏதாவது செய்துவைத்து, அவர்கள் வந்த வேகத்தில் காலி செய்துவிடப் போகிறார்கள்.

வேளைக்குச் சாப்பிடுங்கள். மத்தியானத்தை பிஸ்கட்டில் ஓட்டாதீர்கள்.

உங்கள் மகள்,
வித்யா


மதுரை
4.7.2024

சௌ. வித்யாவுக்கு,

அப்பாவின் ஆசிகள். உடம்பு சௌக்கியம், மானம்தான் போய்விட்டது.

கேட்டுவிட்டுச் செய்யச் சொன்னாய். சத்தியமாகக் கேட்டுவிட்டுத்தான் செய்தேன்! சூடாமணியிடம் ஒரு தேக்கு பீரோ இருக்கிறது, அவர் அப்பா ஆசாரி வைத்துச் செய்தது. நம் படியில் முழுசாக ஏறாது என்று ஊரிலேயே பலகை பலகையாகக் கழற்றிக் கொண்டுவந்திருந்தார். கூடத்தில் பரத்திக் கிடந்தது. "கீறலெல்லாம் எடுத்துத் தரட்டுமா?" என்றேன். "எடுங்கண்ணே, நான் விளக்குத்தூண் போயி நூலும் மணியும் வாங்கிட்டு வாரேன்" என்று சாவியைக் கொடுத்துவிட்டுப் போனார்.

உட்கார்ந்தேன் பார், சாப்பாடுகூட ஞாபகமில்லை. எல்லாப் பலகையின் ஓரத்திலும் சின்னச் சின்னதாகக் கீறல். ஒன்றில் ஒற்றைக் கோடு, ஒன்றில் இரண்டு, ஒன்றில் குறுக்கும் நெடுக்குமாக. மருதுவைத் திட்டிக்கொண்டே ஒவ்வொன்றையும் மெழுகால் அடைத்தேன், உப்புத்தாள் போட்டேன், அக்ரூட் தேய்த்தேன், தேங்காய் எண்ணெய் விட்டு மினுக்கினேன். புது மரம் தோற்றது, போ.

சூடாமணி வந்து பார்த்ததும் முகம் மலர்ந்தது. அப்புறம் ஒரு பலகையைத் திருப்பிப் பார்த்தார். இன்னொன்றைத் திருப்பினார்.

"என்னண்ணே, ஓரத்துல கோடு இருந்துச்சே, எங்க?"

"அதையும் எடுத்துட்டேன்ல!" என்றேன், நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு.

"அய்யய்யோ! அது கீறல் இல்லண்ணே, அடையாளம். எந்தப் பலகை எதோட சேரணும்னு நானே கோணூசியால கீறி வச்சிருந்தேன். ஒத்தைக் கோட்டோட ஒத்தைக் கோடு, ரெட்டையோட ரெட்டை. இப்ப எதை எதோட பூட்டுறது?"

எனக்குத் தலை சுற்றிவிட்டது வித்யா. கையால் செய்த சாமான், ஒரு தட்டுக்கும் இன்னொரு தட்டுக்கும் நூலளவு வித்தியாசம். இடம் மாறினால் உட்காராது. "நானே பூட்டித் தாரேன், எம்புட்டு நாளானாலும் சரி" என்று வாக்குக் கொடுத்தேன். அவர் கோபமாகத்தான் இருந்தார். ஆனால் என் மூஞ்சியைப் பார்த்ததும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு திரும்பிவிட்டார். அழுதாரா, சிரித்தாரா, தெரியவில்லை.

நாளையிலிருந்து வேலை ஆரம்பம். எனக்காக வேண்டிக்கொள்.

அப்பா


மேகமலை
17.7.2024

அன்புள்ள அப்பாவுக்கு,

நமஸ்காரம். நானும் முகாமில் உள்ள எல்லோரும் நலம், வயிற்று வலி மட்டும் இருக்கிறது. சிரித்துத்தான். உங்கள் கடிதத்தைச் சத்தமாகப் படித்தேன், "அதையும் எடுத்துட்டேன்ல!" வந்தபோது சமையல் செய்யும் கனகா அக்கா கரண்டியைக் கீழே போட்டுவிட்டார். இப்போது இங்கே யார் எந்தத் தப்புச் செய்தாலும் அதைத்தான் சொல்கிறார்கள்.

அவர் சிரித்தார் அப்பா. அழுகிறவர்கள் வாயைப் பொத்திக்கொண்டு திரும்ப மாட்டார்கள்.

பொருந்திய பலகைகளை மட்டும் பென்சிலால் குறித்துக்கொண்டே வாருங்கள். தயவுசெய்து பென்சில் கோட்டை அழித்துவிடாதீர்கள்!

வித்யா


மதுரை
5.8.2024

சௌ. வித்யாவுக்கு,

ஆசிகள். நான் பரம சௌக்கியம். நீ அங்கே மழையில் நனையாமல் இருக்கிறாயா? இங்கே ஆடிக்காற்று ஆளைத் தூக்குகிறது.

பீரோ எழுந்து நின்றுவிட்டது! தினமும் சாயங்காலம் வகுப்புப் பிள்ளைகள் போனதும் மாடிக்குப் போவேன். ஒரு தட்டைச் செருகிப் பார்ப்பேன், ஆடும். எடுத்து வேறொன்றைச் செருகுவேன், அதுவும் ஆடும். சூடாமணி காபி போட்டுக் கொடுத்துவிட்டு, சட்டத்தில் துணியைப் பூட்டி மணி கோத்துக்கொண்டே என்னை வேடிக்கை பார்ப்பார். அந்த ஊசி போகிற வேகம் இருக்கிறதே! சூடாமணிக்குப் பழைய பாட்டெல்லாம் அடி பிசகாமல் தெரியும். சூடாமணி கத்தரிக்காயில் புளி விட்டு ஒரு குழம்பு வைக்கிறார், நான் இரண்டு முறை வாங்கிச் சாப்பிட்டேன். நேற்று நான் சுத்தியலை விரலில் போட்டுக்கொண்டதும், "இங்க பாருங்க, கையைக் காட்டுங்க முதல்ல" என்று மஞ்சள் வைத்துக் கட்டிவிட்டார்.

தட்டுகள் எல்லாம் உட்கார்ந்துவிட்டன. இடது கதவு மட்டும் மூட மாட்டேன் என்கிறது. தினமும் போய்ப் பார்க்க வேண்டியிருக்கிறது.

சேலத்திலிருந்து அவருடைய அண்ணன் போன் செய்தாராம். ஒண்டியாக எதற்கு இருக்கிறாய், தீபாவளி கழிந்ததும் வந்து கூட்டிக்கொண்டு போகிறேன் என்கிறாராம். அவர்கள் குடும்ப விஷயம், நமக்கென்ன.

அப்பா


மதுரை
26.8.2024

சௌ. வித்யாவுக்கு,

ஆசிகள். நான் நலம். நீ நலம்தானே? கொசு அதிகமாக இருக்கிறது. தண்ணீர் இரண்டு நாளைக்கு ஒருமுறை வருகிறது. கிருஷ்ணன் கோவிலில் உறியடி நடந்தது, கூட்டம், நான் போகவில்லை. கீறல் வேலையை விட்டுவிட்டேன்.

அப்பா


மேகமலை
6.9.2024

அன்புள்ள அப்பாவுக்கு,

நமஸ்காரம். உடம்பு நலமா என்று கேட்கவில்லை. நலமில்லை என்று தெரிகிறது. உடம்பில் அல்ல.

என் வேலையைப் பற்றி ஒன்று சொல்கிறேன். ஓடையோரம் தவளைகள் விடாமல் கத்தும். திடீரென்று ஒரு இடத்தில் மட்டும் சத்தம் அடங்கிவிட்டால், அங்கே யாரோ வந்து நிற்கிறார்கள் என்று அர்த்தம். ஆடியில் நீங்கள் எழுதிய கடிதத்தில் வரிக்கு வரி சூடாமணி. ஆவணிக் கடிதத்தில் அந்தப் பெயரே இல்லை. பீரோ இல்லை, கதவு இல்லை. கொசுதான் இருக்கிறது.

இன்னொன்றும் கவனித்தேன். முதலில் "எடுங்கண்ணே", "என்னண்ணே" என்று பேசியவர், விரலுக்கு மஞ்சள் வைக்கும்போது "இங்க பாருங்க" என்கிறார். மதுரையில் பஸ் கண்டக்டரிலிருந்து பழக்கடைக்காரர் வரை எல்லோரும் அண்ணே. உங்களை மட்டும் அப்படிக் கூப்பிடாமல் விட்டுவிட்டார் என்றால் என்ன காரணம் அப்பா?

நேராகக் கேட்கிறேன். அவரைக் கல்யாணம் செய்துகொள்ள உங்களுக்கு ஆசையா? இதைக் கண்டுபிடித்ததும் எனக்குக் கோபம்தான் வந்தது. அம்மா போய் ஐந்து வருஷம்தானே ஆகிறது என்று பாறையில் உட்கார்ந்து அழுதேன். அதையும் மறைக்க விரும்பவில்லை. நீங்களும் மறைக்காமல் எழுதுங்கள்.

வித்யா


மதுரை
18.9.2024

என் கண்ணு வித்யாவுக்கு,

அப்பாவின் ஆசிகள். உன்னை அழவைத்துவிட்டேனே என்று நானும் அழுதேன். அப்புறம் முகம் கழுவிக்கொண்டு இதை எழுதுகிறேன்.

ஆமாம்.

எழுதிவிட்டேன். அறுபத்தொரு வயசில் இந்த ஒரு வார்த்தைக்கு மூன்று தாளைக் கிழித்துப் போட்டேன், பார். அந்த இடது கதவு ஆடிப்பெருக்கு அன்றைக்கே அழகாக மூடிவிட்டது. தினமும் கிளம்பும்போது கீலில் ஒரு திருகாணியைக் கொஞ்சம் தளர்த்திவிட்டு வந்துவிடுவேன். மறுநாள் "இன்னும் இழுக்குதே" என்று போய் நிற்க ஒரு சாக்கு வேண்டாமா? அந்த ஒரு மணி நேரத்துக்காகக் காலையிலிருந்து காத்திருப்பேன். ஆவணி பிறந்ததும், எப்படியும் அண்ணன் வந்து கூட்டிப் போகத்தானே போகிறார் என்று மாடிக்குப் போவதையே நிறுத்திவிட்டேன். போகப்போகிறவரிடம் என்ன பேசுவது?

அவரிடம் நான் இதுபற்றி ஒரு வார்த்தையும் பேசவில்லை. முதலில் நீ சொல்ல வேண்டும். நீ வேண்டாம் என்றால் வேண்டாம், இந்தப் பேச்சை இத்தோடு விட்டுவிடுகிறேன், உன்மேல் வருத்தமும் கிடையாது. தீபாவளிக்குள் ஒரு வரி எழுது, போதும்.

அப்பா


மதுரை
12.10.2024

சௌ. வித்யாவுக்கு,

ஆசிகள். இன்றுவரை தபால் இல்லை. தபால்காரர் என்னைப் பார்த்ததும் தூரத்திலேயே கையை விரித்துவிடுகிறார்.

எனக்குப் புரிந்துவிட்டது அம்மா. வேண்டாம் என்று எழுத உனக்கு மனசு வரவில்லை. நீ எழுதவே வேண்டாம். மேலே அட்டைப் பெட்டிகள் நகர்த்தும் சத்தம் கேட்கிறது, கிளம்பத் தயாராகிறார் போல. என்னால் கேட்டுக்கொண்டு உட்கார முடியவில்லை, வெளியே நடந்துவிட்டு வருகிறேன்.

தீபாவளிக்கு உனக்கு என்ன நிறத்தில் சுடிதார் எடுக்கட்டும்?

அப்பா


மேகமலை
17.10.2024

அப்பா! அப்பா! அப்பா!

நமஸ்காரமெல்லாம் அப்புறம். நான் நலம், நீங்கள்தான் மக்கு. மழையில் மலைப்பாதை சரிந்து மூன்று வாரமாக ஜீப் ஏறவில்லை! அரிசியும் பருப்பும் தலைச்சுமையாக வந்தது, தபால் வரவில்லை. இன்று சுருளி அண்ணன் உங்கள் இரண்டு கடிதத்தையும் சேர்த்துக் கொண்டுவந்து கொடுத்தார். ஈரக் காலோடு நின்றபடியே படித்தேன். அவரைத் திரும்பிப் போகவிடாமல் நிறுத்திவைத்துக்கொண்டு இதை எழுதுகிறேன், வாசலில் ஹார்ன் அடிக்கிறார்.

நான் வேண்டாம் என்று எப்போது சொன்னேன்? அழுதேன் என்றுதான் சொன்னேன். அம்மா போனதிலிருந்து நான் எங்கே இருந்தாலும், அப்பா சாப்பிட்டாரா, தனியாக உட்கார்ந்து சுவரைப் பார்க்கிறாரா என்று ஒரு கவலை கூடவே இருக்கும். இந்த ஜூனுக்கப்புறம் அந்தக் கவலை எனக்கு வரவே இல்லை. ஏன் வரவில்லை என்று யோசித்தேன், அழுகை நின்றுவிட்டது. எனக்கு முழுச் சம்மதம் அப்பா. சம்மதம், சம்மதம்.

ஆனால் உங்களை என்ன செய்வது? காட்டில் தவளையோடு கிடக்கும் என்னிடம் கேட்டீர்கள். தலைக்கு மேலே குடியிருக்கிறவரிடம் கேட்கவில்லை! அவருக்கு விருப்பமில்லையென்றால் அதை அவர் சொல்லட்டும், நீங்களாக முடிவு செய்யாதீர்கள். அட்டைப் பெட்டி கட்டுகிறார் என்று எழுதிவிட்டு நடக்கப் போய்விட்டீர்களே! இந்தக் கடிதம் கைக்கு வந்ததும் செருப்பைக்கூடத் தேடாமல் மாடிக்கு ஏறுங்கள்.

சுடிதார் மாம்பழ நிறம்.

வித்யா


மதுரை
24.10.2024

அன்புள்ள வித்யாஸ்ரீக்கு,

முகம் பார்க்காத உனக்கு மாடி வீட்டுச் சூடாமணியின் ஆசிகள். நீ நலமாக இருக்க வேண்டும். இங்கே நான் நலம். உன் அப்பாவும் நலம்தான், ஆனால் இதை எழுதும் நிலையில் அவர் இல்லை. கீழே யாருக்கோ போன் செய்து சிரித்துக்கொண்டே இருக்கிறார்.

நேற்று மத்தியானம் படியில் தடதடவென்று சத்தம். வெறுங்காலோடு, கையில் உன் கடிதத்தோடு வந்து நின்றார். மூச்சு வாங்கியது. நானும் மாசக்கணக்காகக் காத்திருந்தேனே, இன்றைக்காவது பேசுவார் என்று ஊசியைக் கீழே வைத்தேன். "கதவு இப்ப இழுக்குதா?" என்றார். இல்லை என்றேன். பீரோவுக்கு என்ன எண்ணெய் தடவலாம், மழைக்காலத்தில் தேக்கு எப்படி உப்பும் என்று அரை மணி நேரம் பேசினார் வித்யா! எனக்குப் பொறுமை போய்விட்டது.

"இங்க பாருங்க, என்னைக் கட்டிக்கிறீங்களா இல்லையா?" என்று நானே கேட்டுவிட்டேன்.

அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். காலையில்தான் என் மாணவி தமிழ்வாணி அதற்கு வார்னிஷ் அடித்துக் காயவைத்திருந்தாள். உன் அப்பா "சரி, சரி, சரி" என்று எழுந்தபோது ஸ்டூலும் வேட்டியோடு கூடவே எழுந்தது. தமிழ்வாணியும் நானும் சிரித்த சிரிப்பில் எதிர்வீட்டுக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

உன்னிடம் சில விஷயம் சொல்ல வேண்டும். முப்பது வருஷமாக நான் புழங்கிய பீரோ அது. கோட்டைக் காணோம் என்றதும் முதல் நாள் பதறினேன், நிஜம். மறுநாளே ஒவ்வொரு தட்டும் எங்கே உட்காரும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லியிருப்பேன். சொல்லவில்லை. திருகாணியைத் தளர்த்துவதையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். அதையும் கேட்கவில்லை. ஒருநாள் அவர் மறந்துபோய்த் தளர்த்தாமல் கிளம்பினார், நான் தளர்த்திவைத்தேன். அவர் வருவதை நிறுத்தியதும் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. பெட்டி நகர்த்திய சத்தம், வகுப்புக்கு இன்னும் இரண்டு சட்டம் போட இடம் ஒதுக்கியது. அதைக் கேட்டு இந்த மனுஷன் வீதி வீதியாக நடந்திருக்கிறார்!

நீ என்னை அம்மா என்று கூப்பிட வேண்டியதில்லை. அந்த இடம் உன் அம்மாவுடையது. கூடத்தில் அவர் படம் இருக்கிற இடத்திலேயே இருக்கும், பூ நான் வைக்கிறேன். நீ பாறையில் உட்கார்ந்து அழுததை உன் அப்பா சொன்னார். இனி அழுகை வந்தால் எனக்கும் ஒரு கடிதம் போடு, நான் பதில் எழுதுவேன்.

ஐப்பசி வளர்பிறையில் நாள் பார்த்திருக்கிறோம். நீ இல்லாமல் முகூர்த்தம் கிடையாது, அதனால் பாதை மறுபடி சரிவதற்குள் இறங்கி வா.

சேலத்து அண்ணனுக்கு நான் ஆவணியிலேயே சொல்லிவிட்டேன், மதுரையை விட்டு வரமாட்டேன் என்று. உன் அப்பாவிடம் மட்டும் சொல்லவில்லை, அவரே வந்து "போகாதே" என்று சொல்லட்டும் என்றுதான் காத்திருந்தேன். இன்று காலை அண்ணனுக்கு மறுபடி போன் போட்டேன். தீபாவளி கழிந்ததும் அவசியம் புறப்பட்டு வாங்கண்ணே, என்னைக் கூட்டிப் போக இல்லை, தாரைவார்த்துக் கொடுக்க என்றேன்.

உன் வரவை எதிர்பார்க்கும்,
சூடாமணி